மஞ்சள் போர்டு போட்டதெல்லாம் பொது வண்டியா? பயணிகள் வண்டிகளைச் சட்டம் பிரிக்கும் விதம்

டிரைவரைச் சேர்க்காமல் 12 பேர் உட்காரும் வேன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே மாடலில் ஐந்து வேன்கள், ஒரே நாளில் ஷோரூமிலிருந்து வெளியே வருகின்றன. முதல் வேனை ஒரு பெரிய குடும்பம் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறது. இரண்டாவதைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, தன் தொழிலாளர்களை ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்க வாங்குகிறது. மூன்றாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. நான்காவதை டிராவல்ஸ் வைத்திருப்பவர் வாங்கி, கல்யாணத்துக்கும் கோயில் டூருக்கும் விடுகிறார். ஐந்தாவது மேலூருக்கும் மதுரைக்கும் நடுவே ஓடி, வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றி, ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறது.

வண்டி ஒன்றேதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இவை ஐந்தும் ஐந்து வகை. இதில் நான்காவதும் ஐந்தாவதும் மட்டுமே பொதுமக்களை வாடகைக்கு ஏற்றும் வண்டிகள். இரண்டாவதும் மூன்றாவதும் மஞ்சள் நம்பர் பிளேட் மாட்டியிருந்தாலும் பொது வண்டிகள் ஆகா. இந்தப் பிரிவினை ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஃபைலோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. டிக்கெட் விலை, விபத்து நடந்தால் இழப்பீடு, நடுவழியில் வண்டியைப் பிடித்து வைத்தால் நம் கதி எல்லாமே இதைப் பொறுத்தவை. பஸ்ஸில் ஏறுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் அடியிலிருந்து வருவோம்.

முதல் கேள்வி: காசு வாங்கி ஏற்றுகிறார்களா?

இந்தியா முழுவதற்கும் அடிப்படை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் 2-ஆம் பிரிவில் ஒவ்வொரு வண்டி வகைக்கும் விளக்கம் இருக்கிறது. அங்கே 'பப்ளிக் சர்வீஸ் வெஹிக்கிள்' என்று ஒரு வகை உண்டு. வாடகைக்கோ, வேறு பிரதிபலனுக்கோ பயணிகளை ஏற்றப் பயன்படுகிற, அல்லது அதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட மோட்டார் வண்டி எல்லாம் இதில் அடங்கும். டாக்ஸி, மேக்ஸி கேப் (12 பயணிகள் வரை ஏற்றும் வேன்), கான்ட்ராக்ட் கேரியேஜ் (முழு வண்டியாக வாடகைக்கு விடுவது), ஸ்டேஜ் கேரியேஜ் (ஆளுக்கு ஆள் டிக்கெட் போடுவது) நான்கும் இதற்குள் வருகின்றன. நாம் பேச்சில் 'பொதுப் போக்குவரத்து' என்று சொல்வதற்குச் சட்டத்தில் மிகப் பக்கத்தில் இருப்பது இதுதான்.

யார் வண்டியை வைத்திருக்கிறார்கள் என்று இந்த விளக்கம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அரசு பஸ்ஸும் இதில் வரும், தனியார் ரூட் பஸ்ஸும் வரும், ஒற்றை ஆள் ஓட்டும் ஆட்டோவும் வரும். 'பொது' என்றால் அரசாங்கத்தினுடையது என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. காசு கொடுத்து ஏறும் பயணி இருக்கிறாரா என்றுதான் பார்க்கிறது.

இப்போது பனியன் கம்பெனி வேனுக்கு வருவோம். அந்தத் தொழிலாளர்கள் டிக்கெட் எடுப்பதில்லை. கம்பெனி தன் தொழிலுக்காகத் தன் சொந்த வண்டியில் அவர்களை ஏற்றி வருகிறது. ஆறு பேருக்கு மேல் உட்காரும் இப்படிப்பட்ட வண்டிக்கு 'பிரைவேட் சர்வீஸ் வெஹிக்கிள்' என்று பெயர். அதே கம்பெனி சொந்த வேன் வாங்காமல், ஒரு டிராவல்ஸிடம் மாத வாடகைக்குப் பேசி வேன் எடுத்தால் கதை மாறிவிடும். டிராவல்ஸ்காரர் வாடகை வாங்குகிறார் அல்லவா? அப்போது அது கான்ட்ராக்ட் கேரியேஜ். உள்ளே உட்கார்ந்திருப்பது அதே ஆட்கள், போகிற வழியும் அதே வழி. ஆனாலும் வகை வேறு.

பள்ளிக்கூட வேனும் இப்படித்தான். பள்ளியோ கல்லூரியோ சொந்தமாக வைத்து, தன் மாணவர்களையும் ஊழியர்களையும் மட்டும் ஏற்றினால் அது 'கல்வி நிறுவனப் பேருந்து'. இதற்குத் தனி விதிகள் உண்டு. 2012-இல் தாம்பரம் அருகே ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து உயிரிழந்தாள். தமிழ்நாடே அதிர்ந்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன. ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் முன்னால் மைதானத்தில் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கும் படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்.

கம்பெனி வண்டி, பள்ளி வண்டி, காசுக்கு ஆள் ஏற்றும் வண்டி, சரக்கு ஏற்றும் லாரி எல்லாவற்றையும் சேர்த்துச் சட்டம் 'டிரான்ஸ்போர்ட் வெஹிக்கிள்' என்கிறது. மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இந்தப் பெரிய கூடைக்கான அடையாளம். அதனால் மஞ்சள் போர்டைப் பார்த்து மட்டும் அது நம்மை ஏற்றிக்கொள்ள அனுமதி பெற்ற வண்டி என்று முடிவு செய்யக்கூடாது. வெள்ளைப் பிளேட்டில் கறுப்பு எழுத்து சொந்த உபயோக வண்டிக்கு. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுக்கும் காருக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. மின்சார வண்டிக்குப் பச்சைப் பிளேட். அதிலும் எழுத்து மஞ்சளாக இருந்தால் டிரான்ஸ்போர்ட் வண்டி, வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி.

இரண்டாவது கேள்வி: விற்பது சீட்டையா, முழு வண்டியையா?

இதுதான் விஷயத்தின் நடு. நிதானமாகப் பார்ப்போம்.

டவுன் பஸ்ஸில் ஏறுகிறோம். நம் சீட்டுக்கு மட்டும், நாம் போகும் தூரத்துக்கு மட்டும் டிக்கெட் எடுக்கிறோம். நடுவில் பலர் ஏறுகிறார்கள், பலர் இறங்குகிறார்கள். கண்டக்டர் ஸ்டேஜ் கணக்குப் பார்த்துக் காசு வாங்குகிறார். இதுதான் ஸ்டேஜ் கேரியேஜ். சட்டத்தின்படி, டிரைவர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றக்கூடியதாகவும், பயணம் முழுவதற்கோ அதன் ஒரு பகுதிக்கோ ஒவ்வொரு பயணியிடமும் தனித்தனியாகக் கட்டணம் வாங்குவதாகவும் இருக்கும் வண்டி ஸ்டேஜ் கேரியேஜ். அரசு போக்குவரத்துக் கழகப் பேருந்துகள், தனியார் ரூட் பஸ்கள், கிராமத்து மினி பஸ்கள் எல்லாம் இந்த ரகம்.

கல்யாணத்துக்கு வேன் பிடிக்கிறோம். மண்டபத்துக்குப் போய்த் திரும்ப மொத்தமாக ஒரு தொகை பேசுகிறோம். வண்டி முழுக்க நம் ஆட்கள். வழியில் வேறு யாரும் ஏற முடியாது. இது கான்ட்ராக்ட் கேரியேஜ். வண்டியை முழுசாக, பேசிய தொகைக்கு, ஒரு ஒப்பந்தத்தின் பேரில் எடுப்பது. மணிக்கணக்கில் பேசலாம், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு என்றும் பேசலாம். எப்படிப் பேசினாலும் ஒப்பந்தத்தில் இல்லாத பயணிகளை நடுவில் ஏற்றி இறக்கக்கூடாது என்பதுதான் இதன் உயிர். ஒப்பந்தம் பத்திரத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி "பஸ் ஸ்டாண்டு போகணும், எவ்வளவு?" என்று கேட்டு ஏறிவிட்டாலே ஒப்பந்தம் ஆகிவிட்டது.

இரண்டுக்கும் பெர்மிட் தனித்தனி. ஸ்டேஜ் கேரியேஜ் பெர்மிட்டில் ரூட் உண்டு, நேர அட்டவணை உண்டு, கட்டணப் பட்டியல் உண்டு. ஆள் குறைவாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு அந்த வண்டி கிளம்பியாக வேண்டும். கடைசி ட்ரிப்பில் நான்கு பேர்தான் என்றாலும் ஊர் போய்ச் சேர வேண்டும். இந்தக் கடமைதான் ஒரு பஸ்ஸைப் பொதுச் சேவை ஆக்குகிறது என்பது என் கருத்து. கான்ட்ராக்ட் வண்டிக்கு அந்தக் கடமை கிடையாது. கூப்பிட்டால் வரும், கட்டுப்படியாகாவிட்டால் வராது.

ஏன் இரண்டையும் கலக்கவிடக்கூடாது? லாபம் வரும் நேரத்தில் மட்டும் ரூட் பஸ்ஸுக்கு முன்னால் ஓடி ஆளை அள்ளிக்கொண்டு போய்விட்டு, மதிய வெயிலில் ஆளில்லாத நேரத்தில் காணாமல் போகும் வண்டிகளை விட்டால், ஒழுங்காக நாள் முழுக்க ஓடும் பஸ் நஷ்டத்தில் நின்றுவிடும். அப்புறம் அந்த மதிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கிழவிக்கு வண்டியே இருக்காது. விதியின் பின்னால் இருக்கும் காரணம் இதுதான்.

சரி, ஆம்னி பஸ் எதில் சேரும்?

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு கிளம்பும் ஸ்லீப்பர் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் ஒரு பெர்த் மட்டும் புக் செய்கிறோம். பக்கத்துப் பெர்த்தில் யாரோ தெரியாதவர். பெருங்களத்தூரில் சிலர் ஏறுகிறார்கள், மதுரையில் சிலர் இறங்குகிறார்கள். பார்த்தால் அப்படியே ஸ்டேஜ் கேரியேஜ் மாதிரி இருக்கிறது. ஆனால் இந்தப் பஸ்கள் வைத்திருப்பது கான்ட்ராக்ட் கேரியேஜ் பெர்மிட்டோ, அகில இந்திய டூரிஸ்ட் பெர்மிட்டோதான்.

டூரிஸ்ட் பெர்மிட் வண்டி பயணிகள் பட்டியல் வைத்திருக்க வேண்டும், ஸ்டேஜ் கேரியேஜாக ஓடக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 85-ஆம் விதி சொல்கிறது. நடைமுறை வேறாக இருப்பதால் உரசல் அடிக்கடி வெடிக்கிறது. 2023 மே மாதம் அகில இந்திய டூரிஸ்ட் வண்டிகளுக்கான புதிய பெர்மிட் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அந்தப் பெர்மிட்டைக் காட்டி, பத்தனம்திட்டாவிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு தனியார் பஸ் வழியில் ஆள் ஏற்றி இறக்கி ஓடியது. புதிய விதி இதற்கு இடம் தருகிறது என்றார் உரிமையாளர். தராது என்றது கேரள மோட்டார் வாகனத் துறை. பஸ் வழிமறிக்கப்பட்டது, அபராதம் போடப்பட்டது, கோர்ட்டுக்கும் போனது. தமிழ்நாட்டு அதிகாரிகளும் பிடித்தார்கள். 2024 ஜூனில் தமிழ்நாடு அரசு, வெளிமாநிலப் பதிவெண்ணோடு டூரிஸ்ட் பெர்மிட்டில் இங்கே தினசரி டிக்கெட் போட்டு ஓடிய ஆம்னி பஸ்களைத் தடுத்தது. முன்பதிவு செய்திருந்தவர்கள்தான் அதில் தவித்தார்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆம்னி பஸ் கட்டணம் எகிறுவதும் இந்த வகைப்பாட்டோடு சேர்ந்த விஷயம். ரூட் பஸ்ஸுக்கு அரசு கட்டணம் நிர்ணயிக்கிறது, அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் புகார் செய்யலாம். ஆம்னி பஸ் கான்ட்ராக்ட் வண்டி, அது இரு தரப்பும் பேசிக்கொள்ளும் விலை என்று நமக்குப் பதில் வருகிறது. இந்தப் பதிலை நான் ஏற்க மாட்டேன். சட்டத்தின் 67-ஆம் பிரிவு, ஸ்டேஜ் கேரியேஜோடு கான்ட்ராக்ட் கேரியேஜுக்கும் கட்டணம் நிர்ணயிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆட்டோவும் கான்ட்ராக்ட் கேரியேஜ்தானே? 2013-இல் சென்னை ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்ததே! பெர்த் பெர்த்தாக விற்கும் வண்டியில், ஒற்றைப் பயணி எந்த விலையைப் 'பேசி' முடிவு செய்கிறார்? திரையில் இருக்கும் விலைக்குத் தலையாட்டுகிறார், அவ்வளவுதான்.

சீட் எண்ணிக்கை

இது சுலபம். டிரைவர் நீங்கலாக ஆறு பேர் வரை என்றால் மோட்டார் கேப், அதாவது டாக்ஸி. ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை என்றால் மேக்ஸி கேப். ஆறு பேருக்கு மேல் ஏற்றும் எந்த வண்டிக்கும் சட்டத்தில் 'ஆம்னி பஸ்' என்று பொதுப்பெயர், அதனால் ஆர்.சி. புத்தகத்தில் சொந்த உபயோக வேனுக்கும் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். ஏழு சீட் கார் என்று விற்பது டிரைவரோடு ஏழு, அதாவது ஆறு பயணிகள், மோட்டார் கேப். அதே கார் எட்டு சீட் அமைப்பில் வந்தால் மேக்ஸி கேப்.

ஸ்டேஜ் கேரியேஜ் என்பதே ஆறு பயணிகளுக்கு மேல்தான் தொடங்குகிறது. அதனால் மோட்டார் கேப்பில் ஆளுக்குத் தனித்தனியாகக் காசு வாங்கினாலும் அது கான்ட்ராக்ட் கேரியேஜ்தான் என்று சட்டமே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஷேர் டாக்ஸிக்கு இடம் கிடைப்பது இந்த வரியால்தான்.

வெள்ளை போர்டு வண்டியில் காசு கொடுத்துப் போகலாமா?

சொந்தக்காரர் காரில் ஊருக்குப் போய் டீசலுக்கு நாம் காசு போடுவது ஒன்று. முகம் தெரியாதவர்களைத் தேடிப் பிடித்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாங்குவது இன்னொன்று. இரண்டாவது வாடகைத் தொழில். அதற்குப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் சட்டத்தின் 192ஏ பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவையே ஆறு மாதம் வரை சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்க முடியும்.

பயணிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இன்ஷூரன்ஸ். சொந்தக் காருக்கான பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவது சேராது. வாடகைக்கு ஓட்டும் பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு விட்டிருந்தால், பொறுப்பை மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது பாலிசி நிபந்தனையின் அடிப்படை மீறல் என்று 2018-இல் ஒரு லாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாட்டை அந்த வழக்கில் நீதிமன்றம் ஏற்றது. எல்லா வழக்கிலும் அப்படி அமையும் என்று நம்பிக் கொண்டு ஏற முடியாது. நூறு இருநூறு மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துக் குடும்பத்தோடு வெள்ளை போர்டு வண்டியில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

டாக்ஸி ஆப்கள் வந்தபோது இந்தக் கோடுகள் கொஞ்சம் கலங்கின. ஆப் நிறுவனம் வண்டியும் வைத்திருப்பதில்லை, ஓட்டுவதும் இல்லை. 2019 திருத்தம் இந்த நிறுவனங்களுக்கு 'அக்ரிகேட்டர்' என்று பெயரிட்டுத் தனி விளக்கம் கொடுத்து, லைசென்ஸ் கட்டாயம் என்றது. பைக் டாக்ஸி இன்னும் இழுபறியில் இருக்கிறது. வாடகைக்குப் பின்னால் ஒருவரை ஏற்றும் மோட்டார் சைக்கிளை டிரான்ஸ்போர்ட் வண்டிகளின் பட்டியலில் மத்திய அரசு 2004-லேயே சேர்த்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், ஓடுகிற பைக்குகளில் பல வெள்ளை போர்டு. 2025 ஜூலையில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை, சொந்த உபயோக பைக்குகளை ஆப் வழியாக ஓட்ட மாநில அரசுகள் அனுமதிக்கலாம் என்கிறது. முடிவு மாநிலத்தின் கையில்.

மின்சார வண்டிகளுக்கு ஒரு சலுகை உண்டு. பேட்டரியில் ஓடும் டிரான்ஸ்போர்ட் வண்டிகளுக்குப் பெர்மிட் வேண்டியதில்லை என்று 2018-இல் மத்திய அரசு அறிவித்தது. விலக்கு பெர்மிட்டுக்கு மட்டும்தான். பதிவு டிரான்ஸ்போர்ட் வண்டி என்றே இருக்க வேண்டும், எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும்.

எஃப்.சி. பற்றி ஒரு வார்த்தை. டிரான்ஸ்போர்ட் வண்டிக்குப் புதிதில் இரண்டு ஆண்டுக்குச் சான்று கிடைக்கும். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டுகள் இந்தத் தொல்லை கிடையாது. அதாவது, காசு வாங்கி ஊராரை ஏற்றும் வண்டியின் பிரேக்கை அரசாங்கம் அடிக்கடி பார்க்கிறது. வெள்ளை போர்டு வண்டியின் பிரேக்கை அப்படி யாரும் பார்ப்பதில்லை.

டிரைவர் லைசென்ஸில் மட்டும் அண்மையில் ஒரு தளர்வு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட டிரான்ஸ்போர்ட் வண்டியை, இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம், தனி அனுமதி வேண்டாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பெரிய பஸ்ஸுக்கு இது பொருந்தாது.

இனி ஒரு வண்டியை வாடகைக்குப் பேசும்போது என்ன செய்யலாம்? மத்திய அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் வண்டியின் வகை, எஃப்.சி. முடியும் தேதி, இன்ஷூரன்ஸ் முடியும் தேதி தெரியும். வகை என்ற இடத்தில் மோட்டார் கேப், மேக்ஸி கேப், பஸ் என்று இருக்கிறதா, இல்லை வெறும் மோட்டார் கார் என்று இருக்கிறதா பாருங்கள். மோட்டார் கார் என்றிருந்தால் அது சொந்த உபயோக வண்டி. வேன் என்றால், ஆம்னி பஸ் என்பதன் பக்கத்தில் சொந்த உபயோகம் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கல்விச் சுற்றுலாவுக்கோ கோயில் பயணத்துக்கோ வெளிமாநிலம் போகிறீர்கள் என்றால், டிராவல்ஸிடம் டூரிஸ்ட் பெர்மிட்டின் நகலையும், போகிறவர்களின் பட்டியலையும் கேட்டு ஒரு பிரதி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செக்போஸ்ட்டில் நிறுத்தும்போது டிரைவர் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான்.